படத்தின் இடது மூலை

கச்சானைத்தான் எடுத்தேன்.
தறப்பாள் நிறையப் பரப்பி,
காலை வெயில் சரிந்து விழ,
ஒவ்வொரு கோதும் தன் நிழலோடு கிடந்தது.
முதல் போகம். மூன்று மூட்டை வரும்.
எடுத்தேன், போட்டேன்,
போனை இடுப்பில் செருகிக்கொண்டு
காகம் கலைக்கப் போனேன்.

முகநூலில் போட்டிருக்கலாம்.
அங்கே என் எழுத்து இரண்டு முறை காணாமல் போயிருந்தது:
ஒருமுறை தம்பியின் படத்தோடு,
ஒருமுறை வெறும் கார்த்திகைப் பூவோடு.
சமூக விதி என்றார்கள்.
எந்தச் சமூகம் என்று சொல்லவில்லை.

கிளிநொச்சியில் கணினி படிப்பிக்கும் கிருசாந்தான்
இந்தப் புது இடத்தைக் காட்டினான்.
"பிளொக்செயின் அக்கா. இதிலை போட்டா
ஒருத்தராலையும் எடுக்கேலாது.
ஆமியாலையும் ஏலாது, அமெரிக்காவாலையும் ஏலாது."
உலகெங்கும் ஆயிரம் ஆயிரம் கணினிகளில்
ஒரே கொப்பி, ஒரே பக்கம், ஒரே வரி.
எனக்குப் பிடித்திருந்தது.
எரித்தும் புதைத்தும் பழகிய எங்களுக்கு
எரியாத ஒன்று வேண்டித்தானே இருந்தது.

என்னாலையும் எடுக்கேலாதோ என்று
நான் கேட்கவில்லை.

பின்னேரம் ஒரு பதில் வந்தது,
எங்கோ ஒரு குளிர்நாட்டுக் காலையிலிருந்து.
கச்சானைப் பற்றியில்லை.
"இடது பக்கம், மேல் மூலையிலை,
வேலிக்கு அங்காலை,
அது ... அக்காவெல்லே?
உயிரோடையா இருக்கிறா?"

நான் புள்ளி வைத்த இடத்தில்
அவர் ஒரு பெயர் எழுதியிருந்தார்.
வீட்டில் வைத்த பெயர் அல்ல.
அதை இங்கே எழுதமாட்டேன்.

விரலால் விரித்துப் பார்த்தேன்.
கிணற்றுக் கட்டில்
கழுவிச் சாய்த்துவைத்த கால்,
வார் தொங்க.
பக்கத்தில் பாதி முகம், ஈரத் தலை.
"ஒருநாள் இருந்திருந்தாலும் எழும்பி வா" என்று
ஒலிபெருக்கி கூப்பிட்ட வெளியில்
எழும்பாமல் இருந்தவள்.
செல்லில் போன கால் என்று சொன்னாள்.
அது பொய்யும் அல்ல.
அன்றிலிருந்து
அடையாள அட்டையில் உள்ள பெயரோடு மட்டும்
சட்டை தைத்துச் சீவிப்பவள்.

அழி என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன்.
'இனி உங்கள் பக்கத்தில் தெரியாது' என்றது.
என் பக்கத்தில்.
கிருசாந்துக்கு எடுத்தேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"மறைக்கலாம் அக்கா. அழிக்கேலாது.
அதுதானே அதின்ரை விசேசம்."
படம், அந்தப் பெயர், போட்ட நேரம்,
எனக்கு யார் எவ்வளவு அனுப்பினார் என்பதும்
எவர் கேட்டாலும் திறக்கிற கொப்பி.
அந்தக் கச்சானுக்காக
என் கணக்கில் விழுந்த காசு
ஒரு பிளேன்ரீக்குக் காணாது.

தையல் மெசினடியில் போய் நின்று சொன்னேன்.
பல்லிடுக்கிலிருந்து குண்டூசியை எடுத்தாள்.
"எந்த மூலை?"
"இடது. மேலை."
"முகம் தெரியுதோ?"
"பாதி."
ஒரு கை முழுக்கத் தைத்து முடித்து
நூலைக் கடித்தபின்
"கச்சான் என்ன விலைக்குப் போகுது" என்று கேட்டாள்.
ஏசியிருக்கலாம்.

அடுத்த நாள் வேலியில்
இன்னொரு வரிசை கிடுகு ஏறியிருந்தது.
கால் இப்போது எங்கே காய்கிறதோ தெரியாது.

ஊரின் பெயரையும் சொல்லக்கூடாது.
ஒட்டுசுட்டான் பக்கம் என்று வையுங்கள்.
அதுவும் கூடத்தான்.
மாங்குளம் பக்கம் என்று வாசியுங்கள்,
தையலை வேறு தொழிலாக்குங்கள்,
கிணற்றுக் கட்டையும் எடுத்துவிடுங்கள்.
இது கடதாசி. கிழிக்கலாம்.

கச்சான் இரண்டரை மூட்டைதான் தேறியது.
விற்றாயிற்று. தறப்பாளை மடித்தாயிற்று.
நேற்றுக் கிழக்கே இருட்டி
மழை இரைந்து வந்தபோது
கை தன்பாட்டில் போனைத் தேடியது.
அங்கே, அத்தனை கொப்பிகளிலும்
கச்சான் இன்னும் பரப்பியபடி கிடக்கிறது.
வேலிக்கு அங்காலே கால்
வெயிலில் சாய்ந்தபடி.
எத்தனை பேர் ஓடி வந்தாலும்
அள்ளி உள்ளே வைக்கேலாது.